கிழக்குக் கட்டில்

உலகத்தில் உயிரினங்கள் மூன்றே வகைதான்: ஆண், பெண், வீட்டோடு மாப்பிள்ளை.

இந்த உண்மையை முதன்முதலில் கண்டறிந்து மனித குலத்துக்கு அறிவித்தவன் எங்கள் சபரீஷ். பி.காம். மூன்றாம் ஆண்டு. அறிவித்த இடம், எங்கள் விடுதிக்குப் பின்தெருவில் இருந்த மாசாணியம்மாள் மெஸ். பெரிய கண்டுபிடிப்புகள் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லையாம். எங்களுக்கும் தெரியவில்லை. நாங்கள் அப்பளத்துக்காகக் காத்திருந்தோம்.

எந்த ஆராய்ச்சிக்கும் ஒரு எலி வேண்டும். சபரீஷுக்குக் கிடைத்த எலி காளிச்சாமி. மாசாணியம்மாளின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு, அன்னூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். காலையில் இலைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைவார். முன்வாசலில் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. எதைக் கேட்டாலும் "அத்தையக் கேட்டுச் சொல்றனுங்க" என்பார். ஒருநாள் ரூபன் அவரிடம் மணி கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்.

"நல்லாப் பாத்துக்கங்கடா," என்றான் சபரீஷ். "மாமனார் ஊட்டுக்கு விருந்தாடி போற மாப்பிள்ளை என்ன பண்ணுவான்? நேரா எலைக்கு முன்னாடி உக்காருவான். வேற எவன் சாப்புட்டான், எவன் பட்டினி கெடக்கறான், அவனுக்கென்ன கவலை? ஊட்டோட மாப்பிள்ளை உக்கார மாட்டான். நின்னுக்கிட்டே கேப்பான்."

எழுந்து நின்றான். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தான். கைகளை வேட்டியில் துடைப்பதுபோல் பேண்டில் துடைத்தான்.

"எல்லாரும் சாப்டாச்சுங்களா?"

மெஸ்ஸே சிரித்தது. மோர் வாளியோடு வந்த காளிச்சாமியும் நின்று பார்த்தார்.

"நல்லாப் பண்றீங்க தம்பி. ஆனா கழுத்து இன்னும் கொஞ்சம் சாயோணும்," என்றார். "நான் கேக்காம மொதல்ல உக்காந்துட்டன்னு வைங்க, இப்ப நீங்க ரெண்டாவதா வாங்குனீங்களே ரசம், அது இருந்திருக்காதுங்க."

சபரீஷ் இதை ஆராய்ச்சிக்குத் தொடர்பில்லாத தகவல் என்று ஒதுக்கிவிட்டான்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம் மார்ச் கடைசி. எங்கள் கையெழுத்துப் பத்திரிகையைப் பதினைந்து நாளுக்கொருமுறை நூலகத்துச் சுவரில் ஒட்டுவோம். அந்தத் தடவைக்குச் சபரீஷ் வீட்டோடு மாப்பிள்ளைகளைப் பற்றிப் பெருங்கட்டுரை எழுதத் தீர்மானித்தான். உள்ளூர் ஆதாரங்கள் போதவில்லை. ரூபனைப் பிடித்தான்.

ரூபன் மலேசியாக்காரன். ஈப்போ. தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்று அவனுடைய அப்பா அவனைத் தெருமுனைச் சீனப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அதனால் அவனுக்குச் சீனத்தில் சண்டை போட வரும். தமிழில் சமாதானம் பேச மட்டுமே வரும், அதுவும் மலேசிய வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து.

"சீனாக்காரன் இந்த மாதிரி ஆளுகளுக்கு என்னடா பேரு வெச்சிருக்கான்?"

"நெறையா இருக்குலா," என்றான் ரூபன். "சாதாரண மருமகன்னா ந்யூஷ்யூ. பொண்ணு வீட்லயே போயி இருந்தா ஷாங்மென் ந்யூஷ்யூ. வாசப்படி ஏறி வந்த மருமகன். கிண்டல் பண்ணணும்னா தாவ்ச்சாமென். கதவத் திருப்பி மாட்டுனவன்."

"அடேங்கப்பா. இன்னும் கேவலமா?"

"ட்ஷுவெய்ஷ்யூ. அது பழைய பேரு. பொண்ணு வீட்டுக்குச் சீர் குடுக்க வழியில்லாதவன் மகனையே கொண்டுபோயி அடகா விட்டுருவானாம். ஒடம்புல வேண்டாம வளர்ற சதைக்கும் அதே எழுத்துதான்னு எங்க டீச்சர் சொன்னாங்க. ஒரு ராஜா காலத்துல எல்லையில சண்டைன்னா மொத மொதல்ல யாரப் புடிச்சு அனுப்புவாங்க தெரியுமா? ஓடிப்போனவன், யாவாரி, வீட்டோட மாப்பிள்ள."

சபரீஷின் கண்கள் கலங்கின. "ஆயிரக்கணக்கான வருஷத்து நாகரிகம்னா சும்மாவாடா!"

"ஆனா இன்னொரு பேரும் இருக்குலா. பான்ட்ஸ. அரை மகன்னு அர்த்தம். ஆம்பளப் புள்ள இல்லாத வீட்டுல அவன்தான் சாமி கும்புடுறவன், அவன் புள்ளைக்கு அந்த வீட்டுப் பேரு. ராஜா மகளையே கட்டுனாலும் அவன் பேரு ஃபூமாதான். அரண்மனையில உபரிக் குதிரையப் பாத்துக்கிற உத்தியோகத்துப் பேரு அது. அதனால..."

"அதெல்லாம் வேண்டாம்," என்றான் சபரீஷ். "சதைய மட்டும் எழுதிக்கறேன்."

கட்டுரை 'எல்லைக்கு அனுப்புக' என்ற தலைப்பில் சுவர் ஏறியது. கூட்டம் கூடிப் படித்தது. கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் மட்டும் நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள். சண்முகப்பிரியா.

சபரீஷும் சண்முகப்பிரியாவும் காதலிக்கிறார்கள் என்பது ரகசியம் என்று எங்கள் கல்லூரியில் நம்பியவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் அவர்கள்தான். அவள் காங்கேயத்துப் பெண். அப்பா பாலுசாமி தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். ஒரே மகள்.

மறுநாள் கேண்டீனில் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். என்னையும் ரூபனையும் எழுந்து போகச் சொல்லவில்லை. அதுவே நல்ல சகுனம் இல்லை.

"ஏனுங்க, கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றாள்.

"அது... பொதுவா எழுதுனது."

"பொதுவாத்தான் படிச்சேன். இப்ப தனியா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. நம்ம விசயம் அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. திட்டல. பையன் வந்து நம்ம ஊட்டுலயே இருக்கறதுன்னா எனக்குச் சம்மதம், இல்லாட்டி வேண்டாம்னுட்டாரு. திருப்பூர்ல ஒரு இடம் வந்திருக்குது. அந்தப் பையன் இருக்கறேன்னு சொல்லிப்போட்டான். அவங்களுக்கு ஞாயித்துக்கெழம சாயந்தரம் பதில் சொல்லோணும். அதுக்கு முன்னாடி உங்களப் பாக்கோணும்ங்கறாரு."

சபரீஷின் கையில் இருந்த வடை பாதி வழியில் நின்றது.

"நீ எங்க ஊரு மேட்டுப்பாளையத்துக்கு வந்தா என்ன?"

"வந்து? உங்கப்பா மண்டியில உங்கண்ணனுங்க ரெண்டு பேரு இருக்கறாங்க. அங்க உங்களுக்கே உக்கார எடமில்லன்னு நீங்கதான சொன்னீங்க. நான் பருப்பக் கையில எடுத்தாலே ஈரம் எத்தனைன்னு சொல்லுவேன். எனக்கப்புறம் எங்க மில்லுக்கு ஆளில்ல. நான் வரமாட்டேனுங்க." காங்கேயத்தில் பருப்பு என்றால் உடைத்துக் காயவைத்த தேங்காய். "ஞாயித்துக்கெழம வாங்க. இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. வராட்டி திருப்பூரு. நான் அழுவேன், ஆனா மாத்த மாட்டேன்."

எழுந்து போய்விட்டாள். வடைக்கும் அவளே காசு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதற்கப்புறம் சபரீஷ் ஓரிடத்தில் நிற்கவில்லை. விடுதித் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். குளிக்கப் போனவன் காய்ந்த துண்டோடு திரும்பி வந்து, தான் குளித்தாயிற்றா என்று எங்களைக் கேட்டான். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை விரிப்பான், பக்கத்தைத் திருப்பாமல் எழுந்துவிடுவான். எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போய் நம்பரைப் போடாமல் வருவான்.

"எங்கண்ணனுங்க சிரிப்பானுங்கடா," என்பான். "பொண்ணு ஊட்டுல சோறு திங்கறான்னு ஊரே சிரிக்கும். காளிச்சாமி சிரிப்பாரு!" கொஞ்ச நேரம் கழித்து, "பிரியா அழுவாளாம்," என்பான். மறுபடி நடப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று நின்றான். "ரூபா! உங்க சீனாவுல மாமனாருங்க மாப்பிள்ளைய எப்புடிடா தேடுவாங்க? எல்லாத்தையும் அடகுக் கடையில இருந்தா எடுத்தாங்க?"

ரூபன் யோசித்தான். அவன் யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

"ஒரு கத இருக்கு. ஒரு பெரிய மந்திரி. இன்னொரு பெரிய குடும்பத்துல மாப்பிள்ள பாத்துட்டு வாடான்னு ஆள அனுப்புனாரு. அந்த வீட்டுப் பசங்க எல்லாம் தலை சீவி, நல்ல உடுப்புப் போட்டு, ரொம்பப் பவ்யமா நின்னாங்களாம். ஒருத்தன் மட்டும் கெழக்குப் பக்கத்துக் கட்டில்ல வயித்தத் தொறந்து போட்டுட்டு, எதையோ தின்னுக்கிட்டுப் படுத்திருந்தானாம். ஆளு வந்ததக் கூடக் கவனிக்கல. மந்திரி அதக் கேட்டதும், அவன்தான் மாப்பிள்ளன்னுட்டாரு. அன்னிலருந்து நல்ல மருமகனுக்குத் துங்ச்சுவாங்னு பேரு. கெழக்குக் கட்டில்."

சபரீஷ் மெதுவாக உட்கார்ந்தான். மூன்று நாளில் அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப பணிஞ்சு போறவனத்தான் அடகா வெப்பான். கெத்தா படுத்திருக்கறவன மந்திரி தேடி வந்து கெஞ்சுவான். நாளைக்கு அந்தாளு என்னையப் பாத்ததும், தம்பி, நீங்க எங்க வேணும்னாலும் இருந்துக்கங்க, எம்புள்ளையக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லோணும்."

"ஆயிரத்தெழுநூறு வருசத்துக்கு முந்தின கதலா அது," என்றான் ரூபன். "காங்கேயத்துல வேல செய்யுமான்னு எனக்குத் தெரியாது."

"மாமனாரு எல்லா ஊருலயும் ஒண்ணுதான்டா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லடம் வழியாகக் காங்கேயம் போகும் பஸ்ஸில் ஏறினோம். சபரீஷ் ஜன்னலோரம் உட்கார்ந்தான், வெயில் என்றான், இந்தப் பக்கம் மாறினான், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலி இருக்கையை விட்டுவிட்டு நிற்பவனைக் கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார். பல்லடம் தாண்டியதும் எதிரே ஒரு லாரி நிறையத் தேங்காய் போனது. சபரீஷ் அது கண்ணிலிருந்து மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

மில்லும் வீடும் ஒரே காம்பவுண்டு. நடுவில் பெரிய சிமெண்டுக் களம். களம் முழுக்க உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பாலுசாமி ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். பிரியாவின் அம்மா வள்ளியாத்தாள்தான் வாசலில் நின்றார்.

"வாங்க கண்ணு, வாங்க. மாமா இப்ப வந்துருவாருங்க. மோரு குடிங்க."

பிரியா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சபரீஷைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி சபரீஷைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வந்துவிட்டான் என்பதில் அவளுக்கு நிம்மதி என்று நினைத்தேன். இவனுடைய திட்டம் அவளுக்குத் தெரியாது அல்லவா.

மோரைக் குடித்ததும் சபரீஷ் வெளியே வந்தான். "கெழக்கு எது?" ரூபன் சூரியனைப் பார்த்தான். அது உச்சியில் இருந்தது. குத்துமதிப்பாக ஒரு பக்கம் காட்டினான். களத்தின் அந்த ஓரத்தில், வேப்பமரத்தடியில், காவல்காரர் படுக்கும் கயிற்றுக்கட்டில் ஒன்று கிடந்தது.

சபரீஷ் போகிற வழியில் களத்திலிருந்து ஒரு மூடியை எடுத்துக்கொண்டான். கதைப்படி எதையாவது தின்ன வேண்டுமே. கட்டிலில் உட்கார்ந்து சட்டையையும் பனியனையும் கழற்றினான். மல்லாந்து படுத்தான். வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு தேங்காயைக் கடித்தான். மூடி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யாருங்கக்கா அது?"

"அம்மணியப் பாக்க வந்த பையனாமா."

"பாக்க வந்தவன் எதுக்கு இப்படிக் காட்டிட்டுப் படுத்திருக்கறான்?"

அதற்கு எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சீனாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பாலுசாமியின் எம்.எய்ட்டி வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, மேல்துண்டு. வண்டியை நிறுத்தினார். கட்டிலைப் பார்த்தார். சபரீஷ் அவரைக் கவனிக்காதவன்போல இன்னொரு கடி கடித்தான். நான் பார்த்தேன், அவனுடைய கால் கட்டைவிரல் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

பாலுசாமி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க தம்பி, உங்க கூட்டாளிக்கு வயித்து வலிங்களா?"

"இல்லீங்க... அவன் அப்படித்தாங்க."

"பஸ்ஸுல வந்தது சூடு புடிச்சிருக்கும். வள்ளி! ஓமத்தண்ணி கொண்டா!"

வள்ளியாத்தாள் ஓமத்தண்ணியோடு ஓடிவந்தார். சபரீஷுக்கு வேறு வழியில்லை. படுத்தபடியே, கெத்து குறையாமல், முகத்தைச் சுளிக்காமல் அதைக் குடித்தான். வேண்டாம் என்றால் கவனித்ததாக ஆகிவிடும். அந்த மந்திரியின் ஆள் மருந்து கொண்டுவந்ததாகக் கதையில் இல்லை.

"செரி, படுத்திருக்கட்டும். வலி கொறஞ்சதும் பேசிக்கலாம்," என்றார் பாலுசாமி. முகத்தில் கோபம் இல்லை. வேறொன்று இருந்தது. மனசுக்குள் ஏற்கெனவே திருப்பூருக்குப் போன் பண்ணிவிட்டவரின் முகம்.

பிரியா வாசற்படிக்கு வந்தாள். கட்டிலையும் வயிற்றையும் பார்த்தாள். கட்டுரையைப் படித்தபோது நின்ற அதே நிற்பு. பிறகு திரும்பி உள்ளே போகப் போனாள்.

அப்போதுதான் வேப்பமரம் ஒருமுறை தலையைச் சிலுப்பியது. மேற்கே இருட்டியிருந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்திரை பிறக்கிற சமயத்து மழை சொல்லிக்கொண்டு வராது. காற்று புழுதியை வாரிக்கொண்டு காம்பவுண்டைத் தாண்டி விழுந்தது.

"பருப்பு! பருப்பு!" என்று கத்தினாள் பிரியா.

ஒரு நிமிஷத்தில் களமே ஓடியது. பெண்கள் பலகையால் மூடிகளைத் தள்ளித் தள்ளிக் குவித்தார்கள். பாலுசாமி மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கூடை தூக்கினார். வள்ளியாத்தாள், நான், ரூபன் எல்லோரும் குனிந்திருந்தோம். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அத்தனையும் வீண் என்று யாரோ மூச்சு வாங்கச் சொன்னார்கள். ரூபன் சீனத்தில் எதையோ திட்டிக்கொண்டே அள்ளினான்.

சபரீஷ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். வாயில் தேங்காய் அப்படியே இருந்தது.

குவியல்மேல் போட வேண்டிய தார்ப்பாயைப் பிரியா தனியாக இழுத்து வந்தாள். பாதி விரித்தபோது காற்று அடியில் புகுந்தது. தார்ப்பாய் எழுந்து நின்றது. பிடித்த பிடியை அவள் விடவில்லை. அதனால் காற்று அவளையும் சேர்த்து இழுத்தது. செருப்பு ஒரு பக்கம் போயிற்று. முழங்கால் சிமெண்டில் தேய்ந்தது. அப்போதும் விடவில்லை.

"ஏனுங்க!" என்று அவள் கூப்பிட்டாள். யாரை என்று சொல்லவில்லை. அந்தக் களத்தில் சும்மா இருந்தவன் ஒருத்தன்தான்.

சபரீஷ் வாயில் இருந்ததைத் துப்பினான். ஓடினான். எழுந்து நின்ற தார்ப்பாயின் ஓரத்தின்மேல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அந்த வயிற்றாலேயே விழுந்தான். தார்ப்பாய் அவனைத் தூக்கிப் பார்த்தது. முடியவில்லை. அடங்கியது. முதல் துளிகள் அவன் முதுகில் தடதடவென்று விழுந்தன.

"அப்படியே கெடங்க! எந்திரிச்சுராதீங்க!"

"நான் எங்க எந்திரிக்கறேன்! கல்லக் கொண்டா புள்ள!"

பாலுசாமிதான் கல் கொண்டுவந்து வைத்தார். ஒரு ஓரம், இன்னொரு ஓரம். கடைசிக் கல்லை வைத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்தவனைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"வயித்து வலி இப்பத் தேவலைங்களா தம்பி?"

"தேவலைங்க மாமா," என்றான் சபரீஷ், தார்ப்பாய்க்குள் முகத்தை வைத்தபடி. அவரை அவன் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மழை வந்த வேகத்திலேயே போய்விட்டது. பருப்பு தப்பியது. எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றோம். களத்துப் பெண்கள் மில் கொட்டகையில் ஒதுங்கித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். சபரீஷின் சட்டை சேற்றில் கிடந்தது. வள்ளியாத்தாள் கொடுத்த பாலுசாமியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டான். கை குட்டை.

உள்ளே இலை போட்டாயிற்று. நானும் ரூபனும் உட்கார்ந்துவிட்டோம். எங்களுக்குப் பசி. நடு இலை சபரீஷுக்கு.

"வாங்க தம்பி, உக்காருங்க. விருந்தாடி மொதல்ல," என்றார் பாலுசாமி. இன்னும் அவர் எதையும் கேட்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதன் கீழே போன் இருந்தது. பிரியா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள்.

சபரீஷ் இலைக்கு முன்னால் வந்து நின்றான். சோறு, பருப்பு, நெய், ஓரத்தில் ஒரு வாழைப்பழம். அவன் உட்காரவில்லை. ஈரக் கையை வேட்டி இல்லாததால் பேண்டில் துடைத்தான். ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். அவன் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. நாங்கள் மெஸ்ஸில் பார்த்ததைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாக.

"கொட்டகையில இருக்கறவங்க..." என்றான். மறுபடி ஆரம்பித்தான். "எல்லாரும் சாப்டாச்சுங்களா?"

பாலுசாமி பிரியாவைப் பார்த்தார். வள்ளியாத்தாள் முந்தானையால் எதையோ துடைத்தார். ரூபன் வாயைத் திறந்தான். மேஜை இருந்தால் அடியில் உதைத்திருப்பேன். இல்லாததால் அவன் தொடையைக் கிள்ளினேன். மூடிக்கொண்டான்.

"இன்னும் இல்லீங்க," என்றாள் பிரியா.

சபரீஷ் சோற்று வட்டாவைத் தூக்கினான். பிரியா குழம்பை எடுத்துக்கொண்டாள். கொட்டகைக்கு முன்வாசல் வழியாகப் போனால் களத்தைச் சுற்ற வேண்டும். பின்வாசல்தான் பக்கம். அவன் யாரிடமும் வழி கேட்காமல் அந்தக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு போனான்.